ஒரு நிமிடம் நாற்பது வினாடி

வீடியோ நாற்பத்தொரு சதவீதம் ஏறியிருந்தபோது ரயன் அறைக்கதவைத் தட்டாமல் திறந்தான். உர்சுலா மடிக்கணினியின் திரையைச் சற்றுத் தாழ்த்தினாள்.

"ஆச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"மூணு மணிக்கு ஃபாதர் வந்துடுவாரு. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி போட்டுடணும். என்னைப் பேசச் சொல்றாங்க. என்னால முடியாது. டாடியே பேசட்டும்."

ஹாலில் ஜெபமாலை மூன்றாம் தேவ இரகசியத்துக்கு வந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேனில் வந்த, அப்பாவோடு வேலை பார்த்த பழைய ரயில்வேக்காரர்களின் குரல் மற்றவர்களை முந்திக்கொண்டு போனது.

அவர்கள் அப்பா மரியநாயகம் இரண்டு வருடமாகத் தினமும் காலையில் கிள்ளான் வீட்டு வாசலைப் போனில் படம்பிடித்து, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் ரயனுக்கு அனுப்பிவந்தார். பூந்தொட்டி, கறிவேப்பிலைச் செடி, எதிர்வீட்டுப் பூனை. கை நடுங்கும். பார்த்தால் தலை சுற்றுகிறது என்று ரயன் பார்ப்பதில்லை. நேற்று முன்தினம் எடுத்ததை அவர் அனுப்பவில்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார். மருத்துவமனையில் கொடுத்த போனிலிருந்து, வந்திறங்கிய ரயன்தான் அதை எடுத்து அவளுக்கு அனுப்பினான்.

"நீ முழுசா பாத்தியா?" என்றாள்.

"பத்து செகண்டுக்கு மேல முடியல. வாந்தி வருது. ஆட்டம் இல்லாம பண்ணிக் குடு. ஆனா கட் பண்ணாத, உர்சு. ஒன்னு நாப்பது. முழுசா வேணும்."

"சரி."

"டியூஷன் சென்டர் வீடியோவுக்கு நீ பண்ற வேலைதானே."

அவன் போனதும் தாழிட்டாள்.

அவள் முழுவதும் பார்த்திருந்தாள். நேற்று, குளியலறையில், ஒரே ஒரு முறை, சத்தத்தோடு. ஒரு நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் இடது ஓரத்தில் அவளுடைய கார் வருகிறது. கண்ணாடி இறங்கியிருக்கிறது. தானாகத் திறக்கும் வாசற்கதவு, ஆட்டோகேட், திறக்கிறது. அப்பா ஏதோ சொல்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். கண்ணாடி ஏறுகிறது. கார் போய்விடுகிறது. பதினோரு வினாடி கழித்துப் போன் விழுகிறது. மீதி முழுக்க வானம்.

எல்லோரிடமும் அவள் சொன்னது வேறு. நான் கிளம்பும்போது நல்லாத்தான் இருந்தாரு. கையாட்டினாரு. எட்டரைக்கு எனக்கு ஷா ஆலத்துல மீட்டிங்.

அப்பா கையாட்டவில்லை. "உர்சு, நில்லும்மா. மூச்சு விட முடியல," என்றார். மாதத்தில் இரண்டு தடவை அப்படிச் சொல்வார். பிறகு, வாயுதான் என்பார். அன்று அவள் காதில் அது தெளிவாக விழுந்தது. வீடியோவில் விழவில்லை. எண்ணெய் காணாத ஆட்டோகேட்டின் கரகரப்பு அந்தச் சொற்களை முழுவதும் மூடியிருந்தது.

ஆகவே மறைக்க வேண்டியது படத்தை மட்டும்தான். ஆடும்வரை அவள் முகம் வெறும் தீற்றல். நின்றால் முகம்.

காலையில் முதலில் போனிலேயே இருந்த ஆட்டம் குறைக்கும் வசதியை முயன்றிருந்தாள். ஆட்டம் பாதி குறைந்தது. ஆனால் சுவரும் தூணும் அகர் அகர் ஜெல்லி போல நெளிந்தன. ரயன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அடுத்தது கணினியில் இலவசமாக இறக்கிய மென்பொருள். அது எதையும் வெட்டவில்லை. சட்டம் மட்டும் கறுப்பு விளிம்புகளோடு தத்தளிக்க, உள்ளே எல்லாம் அசையாமல் நின்றன. பூனை. தொட்டி. இடது ஓரத்தில் காரின் ஜன்னல். அதில் அவள், அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டு. இரண்டு வினாடி. அந்த முகத்தில் எரிச்சல்கூடத் தெரிந்தது.

அதை அப்போதே அழித்திருந்தாள். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுத் தம்புசாமி ஒரு கோப்பைச் சூடான மிலோவோடு நின்றார். வாசலில் விழுந்த அப்பாவைத் தூக்கியவர் அவர்தான்.

"குடிம்மா. காலையிலேர்ந்து ஒன்னும் சாப்பிடலயாமே." திரையை எட்டிப் பார்த்தார். "உங்கப்பாவுக்குப் படம் எடுக்க வராதுலா. என்னை எடுத்தா என் தொப்பை மட்டும்தான் வரும். கேட்டா, அதுதான்யா பெருசா இருக்கு, அதான் விழுதுங்கறாரு."

அவள் சிரிக்க முயன்றாள்.

"அன்னைக்கு உங்க கேட் சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல தொட்டி உடையிற சத்தம். ரயன் கேட்டான், அதையேதான் சொன்னேன்."

"அண்ணன் கேட்டாரா?"

"ரெண்டு தடவை கேட்டான். எவ்ளோ நேரம் அங்கிள், எவ்ளோ நேரம் அங்கிள்னு. நான் என்ன கடிகாரமா பாத்தேன்? உனக்கு எங்க தெரியப்போவுது பாவம், நீ போயிட்டே."

அவர் போனபின் மிலோவில் ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றில் நின்றிருந்தது நூறைத் தொட்டது. மூன்றாவது இது. இணையதளம். ஆட்டத்துக்கேற்ப ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியைப் பெரிதாக்கித் தரும். மிதம், பலம், மிகப் பலம் என்று கேட்டது. மிகப் பலம் என்பதை அழுத்தினாள். கீழே சின்னச் சின்னக் கட்டங்கள் சிலவற்றில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது. அவள் படிக்கவில்லை. மணி இரண்டு நாற்பது.

வந்ததை ஓட்டிப் பார்த்தாள். வெளியே ஜெபம் நடந்ததால் சத்தத்தை நிறுத்தியிருந்தாள். ஒன்று பன்னிரண்டு. தூண் இருந்தது. தொட்டிகள் இருந்தன. பாதி கேட் இருந்தது. கார் இல்லை. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் இல்லை.

ரயனுக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்கு வந்த ஃபாதர் வீடியோவுக்காக ஒதுங்கி நின்றார். பெட்டியில் அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கை அசையாமல் இருந்தது. ரயன் டிவியை இயக்கிவிட்டு அவளருகே வந்து நின்றான்.

"ரயன், குட் மோர்னிங். இங்க பாரு, கறிவேப்பிலை துளிர் விட்டிருக்கு."

ஹாலில் யாரோ விம்மினார்கள்.

"எவ்ளோ கிளியரா இருக்கு," என்றார் தம்புசாமி. "பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே."

ரயன் அவள் தோளில் கை வைத்தான். "தேங்க்ஸ், உர்சு."

திரையில் அப்பா பூனையைக் கூப்பிட்டார். உர்சுலா காகத்துக்காகக் காத்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு காகம் விடாமல் கத்தும். கத்தவில்லை. குப்பை லோரி ஒன்று பின்புறச் சந்தில் போகும். திரையில் பூனை திடுக்கிட்டு ஓடியது. லோரியின் சத்தம் வரவில்லை. அவள் படிக்காமல் விட்ட கட்டங்களில் ஒன்றில் 'இரைச்சல் நீக்கு' என்று இருந்திருக்க வேண்டும். அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. சற்று இழுத்து, சற்று வேகமாக.

அவள் ரிமோட்டைத் தேடினாள். மேசையில் மெழுகுவத்தியும் தீர்த்தமும்தான் இருந்தன. ரிமோட் ரயனின் இன்னொரு கையில் இருந்தது. அவன் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

திரையில் கேட் திறக்கத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் திறந்தது.