கதவுக்குக் குறுக்கே

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது, துடைக்கும் துணிக்கு அடியில், மடித்து வைத்த மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன. மாத்திரை ஒன்றுகூட இல்லை. எல்லாக் குழிகளும் கிழிந்து கிடந்தன. மூத்தவள் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். அவளுடைய மாமியார் வருஷக்கணக்கில் விழுங்கிய தூக்க மாத்திரைதான் அது. வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"கெடச்சுதாடி?" கூடத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "கண்ணாடி இல்லாம அவரு மூஞ்சி யாரோ மாதிரி இருக்கு."

"இதோ வரேம்மா."

அட்டைகளைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இரண்டு முறை இழுத்தும் பாதியில் மாட்டிக்கொண்டது. தூக்க மாத்திரையா? அப்பாவா? தலைவலித் தைலம் தடவச் சொன்னாலே வேண்டாம் என்பாரே! தலையணையில் தலை பட்டதும் குறட்டை விடுகிற மனிதருக்கு இது எதற்கு?

கூடத்துக் கட்டிலில் அப்பா வெள்ளைச் சட்டையில் கிடந்தார். அவள் குனிந்து கண்ணாடியை மாட்டிவிட்டாள். வந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "தூங்குற மாதிரியே இருக்காரு." "முகத்துல ஒரு சுளிப்பு இல்ல பாரு."

பாஸ்டர் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ராத்திரி படுத்தாரு. கர்த்தர் எழுப்பாமலே கூட்டிட்டுப் போயிட்டாரு. படுக்கைல கெடக்கல, யாருக்கும் பாரமா இருக்கல. அவருக்குப் பயந்து நடந்தவருக்கு அவரே குடுத்த பரிசும்மா இது" என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டு அழுதாள்.

பரிசாம்! மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பரிசைச் சுற்றி வந்த அட்டை அவள் தோளில் தொங்குகிற பைக்குள் அல்லவா இருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பெரிய கடை ஒன்றில், விற்ற சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் கவுண்டரில் அவள் உட்கார்ந்திருந்தாள். "வாங்கினதுலேருந்து தொடவே இல்லைங்க" என்று நீட்டுகிற சட்டையை முகர்ந்து பார்ப்பாள், காலர் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுத் திருப்புகிற செருப்பை அடிப்பாகம் பார்த்தே கண்டுபிடிப்பாள். "உங்க அக்கா சிரிச்சாக்கூட பில் கேப்பா" என்று அப்பா தம்பியிடம் கிண்டல் பண்ணுவார்.

அப்பா பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பவர். அவர் கையெழுத்துப் போடாமல் வண்டி வெளியே போகாது. அவருக்கு அங்கே 'கேட்டுச்சொல்றேன்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அன்றைக்கே பதில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து, மறுநாள் விடியலில் வேதாகமத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவார். டிப்போக்காரர்கள் அவர் பெண்டாட்டியைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "வீட்டம்மா உத்தரவு குடுத்தாச்சா?" என்று சீண்டுவார்கள். அம்மாவுக்கு எரிச்சலாக வரும். "என்னை ஒரு நாள் கேட்டிருந்தா இந்தக் குடும்பம் எங்கயோ போயிருக்குமே" என்பாள்.

போகத்தான் இல்லை. தேய்ந்த பிரேக்கோடு வண்டியை விடச்சொல்லி மேலே இருந்தவர்கள் நெருக்கியபோதெல்லாம் கேட்டுச் சொல்றேன் என்றார். மறுநாள் முடியாதுங்க என்றார். அவரிடம் வேலை கற்றவர்கள் மேஜை நாற்காலிக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் டார்ச்சோடு பஸ்ஸுக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தார். போன வருஷம் அவள் ஆற்றமாட்டாமல் கேட்டேவிட்டாள்: "இவ்வளவு கேட்டுக் கேட்டு நடந்தீங்களே, என்னப்பா கெடச்சுது உங்களுக்கு?"

"அதையும் கேட்டுச் சொல்றேன்" என்று சிரித்தார். கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்தப் பதில்தானா இது? உள்ளே ஒன்றும் இல்லாமல், எல்லாம் வெறும் நடிப்பாகப் போய், ஒரு நாள் போதும் என்று விழுங்கிவிட்டாரா? அப்படியென்றால் அவர் வாழ்ந்தது அத்தனையும் பொய். அதைத் தாங்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியும் என்றும் தோன்றவில்லை.

கவுண்டரில் உட்காருகிற புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கண்ணாடிக் கூடு இருந்தது தம்பியின் அறையில். ரெண்டு மாசமாக அப்பா படுத்ததும் அங்கேதான். அம்மாவின் இருமலில் தூக்கம் போகிறது என்று காரணம் சொல்லியிருந்தார். இடி விழுந்தாலும் புரண்டு படுக்காத மனிதருக்கு இருமல் கேட்டதாமா? சரி, போனார், மெத்தையைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே போடுவார்கள்? அது கதவுக்குக் குறுக்கே கிடந்தது. அவரைத் தாண்டாமல் யாரும் வெளியே வர முடியாது. எந்தப் புத்தியுள்ளவன் அப்படிப் படுப்பான்?

அப்புறம் தம்பி. காலையிலிருந்து கூடத்துப் பக்கமே வரவில்லை. முழித்த உடனே கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் அம்மா சொன்னது வேறு: "கதவ நெட்டித் தள்ளிக்கிட்டுப் போய்த் தொட்டேன்டி, கட்டையாட்டம் இருந்தாரு. அவன் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்திருந்தான், எப்பலேருந்து உக்காந்திருக்கான்னே தெரியல."

டாக்டர் வந்தார். அப்பாவின் இதயம் வீங்கியிருக்கிறது, மாடி ஏறாதீர்கள் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே டாக்டர். பார்த்தார், தொட்டார், பெருமூச்சு விட்டார். மேஜையில் இறப்புச் சான்றிதழை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"நான் குடுத்த மாத்திரை தவிர வேற எதாவது சாப்பிட்டாரா?"

"இல்லையே டாக்டர்" என்றாள் அம்மா.

மூத்தவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் டாக்டர். கையெழுத்துப் போட்டுடாதீங்க, வந்துடறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பாஸ்டரும் பார்த்தார். அவள் பின்பக்கம் போனாள்.

தம்பி துணி துவைக்கும் கல்லருகே நின்று, ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். அவள் குழாயை மூடிவிட்டு அட்டைகளை நீட்டினாள்.

"என்னடா இது?"

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "எங்க இருந்துச்சு?"

"கேள்வி கேக்கறது நான். அப்பா இதச் சாப்பிட்டாரா? இல்ல, நீ எதாவது..." முடிப்பதற்குள் நாக்கு கூசியது.

"அக்கா!"

"முழிச்சதும் கூப்பிட்டேன்னியாமே. பச்சப் பொய். எப்படா முழிச்ச? அவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணிட்டிருந்த? வெளிய டாக்டர் பேனாவத் தூக்கிட்டு உக்காந்திருக்காரு. சொல்லித் தொலை!"

"அது என்னுதுக்கா. எனக்குன்னு நான் வாங்கி வெச்சிருந்தது."

"உனக்குத் தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவன் மெதுவாகச் சொன்னான். வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவான். டிரைவர்கள் யாராவது பார்த்து அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

"அப்புறம் ஒரு நாள் முடிவு பண்ணிட்டேன்கா. முடிவு பண்ணதும் மனசு லேசாயிடுச்சு. அம்மாகூட, பையன் தெளிஞ்சுட்டான்னு சந்தோசப்பட்டாங்க. அன்னைக்குப் பட்டப்பகல்ல அப்பா டிப்போலேருந்து வந்து நிக்கறாரு. கையெல்லாம் கிரீஸ். மூச்சு வாங்குது. 'எங்க வெச்சிருக்க?'ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு."

"கேட்டுச் சொல்றேன்னு சொல்லலையா?"

"இல்ல. எடுத்துக் குடுத்தேன். டாய்லெட்ல நின்னு ஒவ்வொன்னா பிச்சுப் போட்டாரு. அட்டைய மட்டும், குப்பைல கெடந்தா அம்மா பாத்துருவா, டிப்போல போட்டுக்கறேன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரு. மறந்துட்டாரு போல."

"அவருக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"நானும் அதான் கேட்டேன். 'உன்னைப் பத்திக் கேட்டேன். ஓடுன்னாரு. ஓடி வந்தேன்'னாரு."

மருந்துக்கடைக்காரன் சொல்லியிருப்பானோ என்று அவளுக்கு உடனே ஓடியது. பழக்கதோஷம். அந்த நினைப்பை அவளே வெறுத்தாள்.

"அன்னைக்கே மெத்தையக் கொண்டுவந்து கதவுக்குக் குறுக்க போட்டாரு. ஏன்டா இப்படின்னு ஒரு நாள் கேக்கல. ஜெபம் பண்ணுன்னு சொல்லல. படுத்துக்கிட்டு டிப்போ கதை சொல்லுவாரு, நான் உம் கொட்டறதுக்குள்ள அவரே தூங்கிடுவாரு. நான் எந்திரிச்சுக் கதவுகிட்ட வந்தா மட்டும் முழிச்சுப்பாரு. அது எப்படின்னுதான் தெரியல." அவன் மூக்கை உறிஞ்சினான். "இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி வந்து நின்னேன். முழிக்கலக்கா. அவரை நகத்தினாத்தான் கதவு தெறக்கும். நகத்த முடியல என்னால. அதான் பக்கத்துலயே உக்காந்துட்டேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "என்கிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்றதுக்கு என்னடா? நான் செத்தா போயிட்டேன்?"

"வந்தேன்கா. கடைக்கு வந்து ஹெட்போன் குடுத்தேன்ல."

வந்தான். யாரையும் தொடவிடாத ஹெட்போனைப் பெட்டியோடு கொண்டுவந்து, நீயே வெச்சுக்கோ, எனக்கு வேண்டாம் என்றான். "என்னடா திடீர்னு? எதுக்கு அடி போடுற?" என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சிரித்தான். அவன் போனபின், கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டானோ என்று காதில் மாட்டி சோதித்தும் பார்த்தாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் ஹெட்போனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"மூஞ்சியக் கழுவிட்டு உள்ள வா" என்றாள்.

கூடத்தில் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போகாமல் அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். நம்பியாயிற்று, ஆனாலும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்மா, அப்பா என்னைக்காவது பாதி வேலைல வீட்டுக்கு வந்திருக்காரா?"

"இப்ப எதுக்குடி அது?" அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாள் வந்தாரு. வந்தவரு டாய்லெட்டுக்குள்ள போயித் தண்ணிய ஊத்தறாரு ஊத்தறாரு, அப்படி ஊத்தறாரு. வயித்தால போகுதான்னு கேட்டேன். ஆமான்னாரு. அன்னைக்கு ராத்திரி என் இருமல் புடிக்கலன்னு அங்க போயிப் படுத்தவருதான்."

மூத்தவள் டாக்டரிடம் போனாள். "வேற ஒன்னும் சாப்பிடல டாக்டர். நீங்க எழுதுங்க."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் இதயத்தைக் காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாஸ்டர் புதிதாக வந்த யாருக்கோ, தூக்கத்திலேயே போனது எப்பேர்ப்பட்ட பரிசு என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பாவம், அவருக்குப் பாதிதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். தம்பி ஈர முகத்தோடு வந்து அப்பாவின் காலருகே நின்றான்.

பெட்டி வந்தது. பாட்டுப் பாடினார்கள். டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு வந்தவர்கள் தூக்க முன்வந்தார்கள்; தம்பி தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான். கல்லறையில் ஜெபம் நீண்டுகொண்டே போனது. அவள் கண்ணை மூடவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது.

வீட்டில் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாடு கொடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டாள். மூத்தவள் சமையலறையில் எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து வாசலில் நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"என்னடா?"

"பசிக்குதுக்கா."

இன்றைக்குப் போய் இப்படிச் சொல்கிறோமே என்று வெட்கப்பட்டவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். அவள் தட்டைக் கழுவி வைத்துப் பரிமாறினாள். அவன் உட்கார்ந்தான். முதலில் கொறித்தான், பிறகு வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தான். இன்னும் கொஞ்சம் போடு என்று அவனே கேட்டான். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள்.

"ஏன்கா அப்படிப் பாக்குற?"

"ஒன்னுமில்ல. மெதுவா சாப்பிடு."

உள்ளேயிருந்து அம்மா இருமினாள். "அவன் சாப்பிட்டானாடி?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கான்மா" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருந்ததைச் சுரண்டி அவன் தட்டில் போட்டாள்.