அக்காவின் புள்ளி

எங்கள் வீட்டில் எல்லோர் போனிலும் அப்பா ஒரு ஆப் போட்டு வைத்திருக்கிறார். யார் எங்கே இருக்கிறோம் என்பது வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். மொத்தம் நான்கு புள்ளிகள். ஒன்று என் அக்கா பிரபாவதியுடையது. மூன்று வருடத்துக்கு முன் தோழிகளோடு மாமல்லபுரம் போனவள் கடலில் மூழ்கி இறந்துபோனாள். தோழியின் பையிலிருந்த அவள் போன் மட்டும் நனையாமல் வீடு வந்தது. அப்பா இன்னும் அதற்கு ரீசார்ஜ் செய்கிறார், அம்மா தினமும் சார்ஜ் போடுகிறாள். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டின் மேல் அந்தப் புள்ளி அசையாமல் நிற்கும்.

அதற்குப் பிறகு என்னைக் கடல் பக்கமே விட்டதில்லை. செங்கல்பட்டில் கல்லூரி, விட்டால் வீடு. பஸ் பஞ்சராகி என் புள்ளி வழியில் நின்றால்கூட அப்பா கூப்பிட்டுவிடுவார். பொத்திப் பொத்தி வளர்க்கிறார்களாம். எனக்கு மூச்சு முட்டியது.

ஸ்டான்லி கோவளத்துக்காரன். எம்.எஸ்ஸி. லேபில் எனக்குப் பக்கத்து மேஜை. ஒரு மதியம் ஸ்டோர் அறையில் அவன் மூச்சு என் காதில் பட்டது. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து முத்தமிட்டேன். வீட்டுக்கு வந்ததும், அக்கா தன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ம்... அப்புறம்?" என்று கேட்பது போலவே இருந்தது. அவளுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே என்று அழுதேன். அவள் போன வயது இப்போது எனக்கு.

ஸ்டடி ஹாலிடே வந்தது. அப்பா ஆபீசுக்கும் அம்மா பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். என் போனை மெத்தையில் போட்டேன். ஆப்பைப் பொறுத்தவரை நான் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டான்லியைக் கூப்பிட ஒரு போன் வேண்டுமே? அக்காவுடையதை எடுத்துக்கொண்டேன். செத்துப்போனவளை யார் கண்காணிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஸ்டான்லி மாமல்லபுரம் தாண்டி, கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினான். நிழலில் துண்டை விரித்தோம். அவன் உதட்டில் உப்பு கரித்தது. என் கழுத்தில், தோளில் அந்த உதடு இறங்க இறங்க உடம்பெல்லாம் தகித்தது. முதுகில் அவன் விரல்கள் சட்டென்று நின்றன.

"வேணான்னா சொல்லு."

"வேணும்" என்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

பிறகு அவன் எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தான். "வா, கால நனைக்கலாம். இன்னா பயம், நான்தான் கூட கீறேன்ல?"

"அங்க அவ இருக்கா, ஸ்டான்லி."

அப்போது அக்காவின் போன் அடித்தது. திரையில் 'தாய்க்குலம்' என்று வந்தது. அம்மாவின் பெயரை அக்கா கிண்டலாக அப்படித்தான் பதிந்திருந்தாள். எடுத்தேன்.

"பிரபா?" அம்மாவின் குரல். "உன் புள்ளி நகந்துச்சிடி. தெனமும் பாக்கறேன், இன்னிக்குதான் நகந்துச்சி. அங்கயேதான் இருக்கியா?"

பேசாமல் துண்டித்தால் நான் தப்பித்தேன். அக்கா கடலோரத்தில் இருக்கிறாள் என்று அம்மாவும் நம்பிக்கொண்டிருப்பாள். ஆனால் நான் ஆயுசுக்கும் அந்த மெத்தையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

"அம்மா, நான் அமிர்தா. நான்தான் கடலுக்கு வந்திருக்கேன். என் கூடப் படிக்கிற ஸ்டான்லியோட. அவன எனக்குப் பிடிச்சிருக்கு. சாயங்காலம் வந்து எல்லாம் சொல்றேன்."

பின்னால் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது. திட்டுவாள், அழுவாள், உடனே வா என்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி" என்றாள். "அவ போன் நனையாம பாத்துக்கோ."

வைத்துவிட்டாள். நான் தண்ணீரில் இறங்கினேனா என்று கேட்கவில்லை.

போனை ஸ்டான்லியிடம் கொடுத்து, "நீ கரையிலயே இரு" என்றேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தனியாக நடந்தேன். முதல் அலை முழங்காலில் அடித்தபோது சத்தம் போட்டு அழுதேன். வீட்டில், மெத்தையின் மேல், என் புள்ளி அசையாமல் இருந்தது.