மாடல் நம்பர் 118

சாரம் பகுதியில் நான் வேலை பார்க்கும் அச்சுக் கடையில் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் போஸ்டர் அடிப்போம். டைப் செய்வதும் நான்தான், நினைவஞ்சலிக்குக் கவிதை எழுதுவதும் நான்தான். பதினோரு வருடமாக இந்த ஊரில் எத்தனையோ பேரை நாலு வரியில் அழ வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன செவ்வாய்க்கிழமை காலையில் காலாப்பட்டிலிருந்து மதிவாணன் என்று ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். மகன் விக்ரமுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் வேண்டும் என்று போட்டோவை மேசைமேல் வைத்தார்.

“கவிதை நான் எழுதிடட்டுங்களா?” என்றேன்.

“வேணாங்க்கா. ரெடியா வச்சிருக்கேன்” என்று போனை நீட்டினார்.

‘சன்னல் கட்டையில் நீ வைத்த பல்
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
புதுப் பல் முளைத்துவிட்டதா கண்ணே?
ஒருமுறை சிரித்துக் காட்டிவிட்டுப் போ.’

மறுபடி படித்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அது நான் எழுதியது. மூன்று வருடத்துக்கு முன்னால், என் மகள் கார்குழலிக்கு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னால், “தூக்கிப் போட்டா தொலைஞ்சிடும்மா” என்று சன்னல் கட்டையில் எடுத்து வைத்தாள். பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. ஊருக்கெல்லாம் எழுதிய கை, அந்த நாலு வரியை எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டது.

“இது எங்கருந்து எடுத்தீங்க?”

“ஏஐ கிட்ட கேட்டேன்க்கா. புள்ளை செத்துட்டான், உருக்கமா நாலு வரி குடுன்னேன். அதுவே எழுதிக் குடுத்துச்சி.”

“அது எழுதலீங்க! நான் எழுதுனது. இது எம் பொண்ணு பல்லு!”

கத்திவிட்டேன். பாவம், அந்த மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். நான் அவர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, ‘இதை எழுதியது யார்?’ என்று கேட்டேன். ‘இது உங்களுக்காகவே புதிதாக எழுதிய கவிதை. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்’ என்று பதில் வந்தது. வருந்துகிறதாம்!

சத்தம் கேட்டு முதலாளி கிருஷ்ணசாமி மிஷின் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். கம்ப்யூட்டரில் கார்குழலியின் போஸ்டரைத் திறந்து காட்டி, “இது எப்பிடிண்ணே வெளிய போச்சி?” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். எங்கள் கடையில் அடித்த டிசைனையெல்லாம் மாடல் நம்பர் போட்டு ஆல்பத்தில் வைப்போம். வருகிறவர்கள் பார்த்து, ‘இதே மாதிரி’ என்பார்கள். பேரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுப்போம். என் மகளுடையதை மட்டும் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன்.

“ஆல்பத்துல வைக்காதன்ன, வைக்கல. வெப்சைட்ல போடாதன்னு சொல்லலியேம்மா” என்றார். தேடிப் பார்த்தால் இருக்கிறது, மாடல் நம்பர் 118. கடலூரில் ஒரு கடை, விழுப்புரத்தில் இரண்டு கடை அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கின்றன. கடைசியில் அந்த ஏஐயும் வாரிக்கொண்டு போயிருக்கிறது.

“என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா? எழுதுனவளுக்கு உரிமை இல்லியா?”

“நெனைவஞ்சலிக்கு ஏதும்மா காப்பிரைட்டு? நாமளே பேரை மாத்தித்தான போடறோம்? யாரைக் கேட்டோம்?”

சுருக்கென்றது. போன மாசம் ஆதிலட்சுமி என்று ஒரு பெண் தன் புருஷனுக்குத் தானே நாலு வரி எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாக இருந்ததால் அதையே இன்னும் மூன்று பேருக்குப் போட்டது நான்தான். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

மதிவாணன் அதுவரை கார்குழலியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எம் புள்ளைக்கு ரெண்டு வயசுதாங்க்கா. அவனுக்குப் பல்லே விழல. அதுகூட எனக்குத் தோணல. நாலு நாளா இதைப் படிச்சிப் படிச்சி அழுதுட்டிருக்கேன். எம் பொண்டாட்டியும் அழுதா. அப்ப நாங்க யாருக்கு அழுதோம்?”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பெஞ்சில் அவரை உட்கார வைத்து, “உங்க புள்ளை என்ன செய்வான், சொல்லுங்க” என்றேன். அரை மணி நேரம் பேசினார். டைப் செய்யாமல் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். படித்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இதைப் போஸ்டர்ல போட வேணாங்க்கா. செவுத்துல ஒட்டுனா நாளைக்கே எவனாச்சும் போட்டோ எடுத்துடுவான். பேரும் தேதியும் போதும்.”

“கீழ அவ்ளோ எடம் காலியா கெடக்குமேப்பா” என்றார் முதலாளி.

“கெடக்கட்டுங்க.”

காலியாகவே அடித்தோம். மதியம் ஆதிலட்சுமியின் நம்பரைத் தேடி எடுத்து, அவள் வரிகளை நான் என்ன செய்தேன் என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். மாடல் 118ஐ முதலாளி வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்து என்ன? கார்குழலியின் பல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அதை உங்களிடமும் சொன்னேன்.

விக்ரமுக்கு எழுதிய நாலு வரியும் எனக்கு மனப்பாடம். அதைச் சொல்ல மாட்டேன்.