அரியலூர் மெஷினில் மட்டும்

ஏஜென்ட் என்றால் பெரம்பலூரில் இன்ஷூரன்ஸ் ஏஜென்டைத்தான் நினைப்பார்கள். ஜெயசுதா வேலை பார்த்த சாஃப்ட்வேர் ஆபீஸில் அது கம்ப்யூட்டருக்குப் பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடை போட, ஒரு சிமெண்ட் ஆலைக்கு அவர்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரியை மாற்றினாலும் போதும், தானாகவே தொகுத்து, சோதித்து, ஆலைக்கு அனுப்பிவிடும். இதைச் செய்யும் ஏஜென்ட்கள் மூன்று. இரண்டு பெரம்பலூரில், ஒன்று அரியலூர்க் கிளையில்.

எந்தக் கட்டம் எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது ஜெயசுதா. பெயர் குறிக்காவிட்டால் எது காலியோ அது எடுத்துக்கொள்ளும். சோதனைக் கட்டத்துக்கு மட்டும் அவள் அரியலூர் மெஷினின் பெயரை எழுதி வைத்திருந்தாள். சோதனைக்கு வேண்டிய எடைக்கருவி அங்கே மட்டும் இருந்த காலத்தில் அது நியாயம். பிறகு பெரம்பலூருக்கும் ஒரு கருவி வந்தது. ஆனாலும் அரியலூர்ப் பெயரை அவள் எடுக்கவில்லை, ஏனென்றால் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவன் இளையபெருமாள்.

ஆண்டிமடத்துக்காரன். போன வருஷம் வரை அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அரியலூர் ஒன்றும் அமெரிக்கா இல்லை. ஆனால் அவளைப் போலக் குன்னத்துப் பெண் ஒருத்தி காரணமில்லாமல் அரியலூர் பஸ்ஸில் ஏறினால், அவள் இறங்குவதற்குள் செய்தி வீட்டில் இறங்கியிருக்கும்.

சோதனை முடிந்ததும் அவன் போன் செய்வான். ஆபீஸ் போன் இருப்பது மேனேஜர் காசிநாதன் மேஜையில். "டெஸ்ட் முடிஞ்சுது சார், ஜெயசுதாகிட்ட குடுங்க" என்பான்.

"எல்லாம் சரியா வந்துடுச்சுங்க."

"சரிங்க."

"சாப்ட்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான். அதற்காகக் காலையிலிருந்து காத்திருப்பாள். வெட்கக்கேடு என்று அவளுக்கே தோன்றும். இருந்தாலும் காத்திருப்பாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அரியலூரில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கென்று அவசரத் திருத்தம். எடை தப்பாகக் காட்டியதால் ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. திருத்தமோ அரியலூர் மெஷின் விழிக்கட்டும் என்று காத்துக் கிடந்தது. காசிநாதன் எழுந்து வந்தார்.

"கரண்டு வரணும்னு அரியலூர்க்காரன் காத்திருக்கான், சரி. நம்ம ரெண்டு மெஷினும் ஏன் சும்மா கெடக்கு? எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்கும்மா காயுது? அங்கதான் ஓடணுமா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஆமாம் என்றால் அவர் நம்பிவிடுவார். மழையில் நிற்கும் டிரைவர்களை நினைத்தாள்.

"இல்லீங்க சார். இங்கயும் ஓடும்."

பெயரை அழித்தாள். பக்கத்து மெஷின் எடுத்துக்கொண்டது. டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆபீஸே நிம்மதியாக டீ குடித்தது. அவள் டீ மட்டும் மேஜையிலேயே ஆறியது.

மறுநாள் காசிநாதன் வெளியே போயிருந்தபோது போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"இங்க வேலையே வரலீங்களே," என்றான் இளையபெருமாள்.

"இனிமே வராதுங்க. பேரை எடுத்துட்டேன். எது காலியோ அதுல ஓடிடும்."

அதோடு நிறுத்திக்கொள்ள அவளால் முடியவில்லை.

"முன்னாடியே எடுத்திருக்கணும். ரிசல்ட்டு எனக்கு மெயில்லயே வந்துடும். நீங்க போன் பண்ண வேண்டியதே இல்ல. நான்தான் சொல்லல."

"தெரியுங்க," என்றான். "அந்த மெயில் வர்ற மாதிரி செஞ்சு வச்சதே நான்தான்."

இத்தனை நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவள் மட்டும் இல்லை.

"நாளைக்கும் பண்ணுங்க," என்றாள்.

"என்னன்னு சொல்லிப் பண்றது?"

வாசலில் காசிநாதனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பதில் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை போன் அடித்தது. காசிநாதன் எடுத்தார். "ஹலோ. யாருங்க? ஹலோ." கொஞ்சம் பார்த்துவிட்டு வைத்தார்.

"யாருன்னே தெரியல. பேச மாட்டேங்கிறான்," என்றார் பொதுவாக.

யாரென்று ஜெயசுதாவுக்குத் தெரியும். எழுந்து போய் அந்தப் போனை வாங்கத்தான் அவளுக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை.