மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர்

"பொறவாசல்ல தண்ணி வெச்சிருக்கறேன். குளிச்சுட்டு உள்ள வா."

வசந்தாமணி கதவை முழுதாகத் திறக்காமல், ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

வாசலில் நின்ற கிருத்திகாவின் தோளில் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து கரட்டுமேட்டுக் காலனியில் ஏறி இறங்கியிருந்தாள்.

"பசிக்குதும்மா. சாப்பிட்டுக் குளிக்கறேன்."

"வேர்வையா இருக்கறயல்ல. குளிச்சுட்டு வா."

தோட்டத்தில் நாள் முழுக்க வெங்காயம் பிடுங்கிவிட்டு மகள் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் வசந்தாமணி வேர்வையைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அங்க டீ குடிச்சயா?"

"குடிச்சேன்."

"யாரு பாத்தாங்க?"

கிருத்திகா குழாயை இறக்கி வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போனாள்.

அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பௌதிகம் கடைசி வருஷம் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் கரட்டுமேட்டு சுகன்யா. மார்க்கில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன்பின் கிருத்திகா கல்லூரி பஸ் ஏறினாள். சுகன்யா பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு வேலைக்குப் போனாள். காலையில் இரண்டு பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும். நிறுத்தத்துக்கு வரும்போதே சுகன்யா களைத்திருப்பாள். ஊருக்குள் இருக்கும் குழாயில் பிடித்து, பாறை வழியே மேட்டுக்குத் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வருகிறவள் அவள்.

மேடு முழுக்கப் பாறை. எதுவும் விளையாது. அதனால்தான் எந்தக் காலத்திலோ காலனிக்காரர்களை அங்கே குடியேற்றினார்கள். காலனியில் தெருக்குழாய்கள் நட்டு வருஷங்கள் ஆகியும் அவற்றில் தண்ணீர் வந்ததில்லை.

உலகத்தில் தீராத துன்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் தன்னிடம் வழியில்லை, ஆனால் இது ஒன்று கணக்கால் தீரக்கூடியது என்று கிருத்திகா நம்பினாள். ஊருக்குப் புதிய மேல்நிலைத் தொட்டி அனுமதியானது. அதை மேட்டின்மேல் கட்டிவிட்டால் போதும். காவிரித் தண்ணீர் வரும் பெரிய குழாய் மேட்டின் பின்புறச் சாலை வழியாகத்தான் போகிறது. அங்கே ஏற்றிவிட்டால் காலனிக்கும் ஊருக்கும் தண்ணீர் தானாக இறங்கும்.

"தண்ணிக்கு ஆளத் தெரியாது சுகன்யா. ஒசரம் மட்டுந்தான் தெரியும்" என்றாள்.

சுகன்யா தறிக்கு லீவு போட்டுவிட்டுக் குழாயின் மறுமுனையைப் பிடித்தாள். கிருத்திகா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மட்டம் பார்த்து, "உங்க ஊட்டுக்கும் வருமுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். சுகன்யாவின் அம்மா பாவாயி மட்டும், "நெசமாத்தான் சொல்றியா அம்மிணி?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கிருத்திகாவின் அப்பா அர்த்தநாரி வார்டு மெம்பர். காலனி விஷயம் அவருக்கு உறுத்தலாக இருந்தாலும் மகளின் படிப்பில் பெருமை இருந்தது. "எம்புள்ள அளந்து வெச்சிருக்குதுங்க, ஒருக்கா கேளுங்க" என்று அவரே பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு அழைத்துப்போனார்.

கிருத்திகா படம் வரைந்து விளக்கினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் இன்ஜினியர், "ரொம்பச் சரிங்க. அந்த எடந்தான் தோது" என்றார். சில தலைகள் ஆடின. கதவோரம் பாவாயியும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன.

கோயில் தர்மகர்த்தா சின்னராஜ் தொண்டையைச் செருமினார். கிருத்திகாவுக்குப் பெரியப்பா முறை.

"கணக்கெல்லாம் சரிதான் சாமி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தத் தண்ணி அங்கிருந்து எறங்கி நம்மூட்டுக் கொழாய்க்கு வாரதா?"

"ஆமாங்க பெரியப்பா. தானா எறங்கீரும்."

"தானா எறங்கீரும்" என்று அவர் திரும்பச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். "மாரியம்மனுக்கு ஊத்தறதும் அதே தண்ணிதான். அதையும் யோசிக்கோணுமல்ல?"

சாதியின் பெயரை அந்த அறையில் ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

கிருத்திகாவுக்குப் பதற்றம் வந்தது. எப்படியாவது அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்கிற அவசரத்தில், "மூடின தொட்டிங்க பெரியப்பா. பூட்டுப் போட்டிருப்பாங்க. அவங்க கை படாதுங்க" என்றாள்.

சொல்லி முடித்தபிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. கதவுப் பக்கம் திரும்பினாள். பாவாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியை ஊருக்குள் கோயில் மைதானத்தில் கட்டுவது என்று கைகள் உயர்ந்தன. அர்த்தநாரியின் கையும் உயர்ந்தது. அவர் மகளிருந்த பக்கம் பார்க்கவே இல்லை. மேட்டில் பாறை இருப்பதால் அஸ்திவாரம் தோண்ட இயலாது என்று காரணம் எழுதிக்கொண்டார்கள். பாறையைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை என்று தெரிந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

வீட்டில் கிருத்திகா கேட்டாள். "ஏனுங்கப்பா கையத் தூக்குனீங்க?"

அர்த்தநாரி சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார். "உன்னைய ஒரு எடத்துல கட்டிக் குடுக்கோணும் சாமி. நானும் இந்த ஊர்லதான் இருக்கோணும்."

"அவங்களும் இந்த ஊர்லதானுங்கப்பா இருக்கறாங்க."

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். கலெக்டர் ஆபீஸுக்கு அவள் அனுப்பிய மனு சுற்றிச் சுற்றி அதே பஞ்சாயத்துக்கே வந்தது. விசாரித்துப் பதில் அனுப்பினார்கள்: மேட்டில் பாறை.

தொட்டி எழும்பியது. திறப்பு விழாவன்று ஊருக்குள் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது. அர்த்தநாரி வீட்டு மாடிக் குழாயில்கூட மோட்டார் போடாமல் வந்தது. கரட்டுமேட்டில் குழாய்களுக்குக் கீழே குடங்களை வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். உஸ்ஸென்று காற்று வந்தது. கொஞ்சம் துரு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் கிருத்திகா சுகன்யாவின் அருகில் போய் நின்றாள்.

"என்னைய மன்னிச்சிரு சுகன்யா."

"மேட்டுக்குத் தண்ணி ஏறாதுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும் கிருத்தி. அதோட பழகிட்டோம்" என்றாள் சுகன்யா. குரலில் கோபம் இல்லை. "நீ வந்து ஊடூடாப் போய் வரும் வரும்னு சொன்னதுதான். எங்கம்மா வாசல்ல தொட்டி கட்டறதுக்குச் செங்கல்லு எறக்கி வெச்சிருக்குது."

அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

காலனிக்காரர்கள் முறையிட்டதும் பஞ்சாயத்து மனமிரங்கியது. அதுவரை அவர்கள் பிடித்துவந்த ஊர்க்குழாய்க்குப் பதிலாக, தொட்டியின் சுற்றுச்சுவருக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு குழாய் வைத்தார்கள். ஊருக்கு விட்டு முடித்தபிறகு அதைத் திறப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருத்திகா வீட்டிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சின்னராஜ் குழாயை மூடச் சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்தார். சற்று நேரத்தில் அர்த்தநாரி வண்டியில் வந்து இறங்கினார்.

"ஊட்ல தண்ணி வரலியா?"

"வருதுங்கப்பா."

"அப்பறம்?"

"நின்னுக்கறேனுங்க."

அவர் அவளிடம் குரலை உயர்த்தவில்லை. வரிசையைத் தலையிலிருந்து கடைசி வரை ஒருமுறை பார்த்தார். "யாரு இந்தப் புள்ளையக் கூட்டியாந்தது?" என்று கேட்டார்.

"யாரும் கூட்டியாரலீங்கப்பா. நானாத்தான் வந்தேன்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "நாளைக்கிருந்து இந்தக் கொழாய் எப்படித் தெறக்கறாங்கன்னு பாக்கறேன்" என்று வரிசையைப் பார்த்தே சொன்னார்.

குழாயடியில் இருந்த பாவாயி பாதி நிரம்பிய குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கிருத்திகாவைத் தொடாமல், எதிரே நின்று கைகூப்பினாள்.

"ஊட்டுக்குப் போயிரு அம்மிணி. உனக்குப் புண்ணியமாப் போகும். வாரது இது ஒண்ணுதான்."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணல சாமி. நீ நல்ல புள்ள. போயிரு."

கிருத்திகா சுகன்யாவைத் தேடினாள். வரிசை நடுவில் இருந்தாள். அவள் தன் குடத்தின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிருத்திகா வரிசையிலிருந்து விலகினாள். அர்த்தநாரி வண்டியைக் கிளப்பி, அவள் ஏறுவதற்காக நின்றார். அவள் ஏறாமல் நடந்தாள். அவரும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அவர்கள் தலை மறைந்தபிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னராஜ் குழாயை மறுபடி திறக்கச் சொன்னார்.