பன்னிரண்டு ரெக்கார்டு நோட்டுகள்

எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் பெண்கள் தினமும் காலையில் கவுண்ட்டரில் தொடர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இன்றும் படிக்க விரும்புகிறேன் என்று எழுதி, காரணமும் சொல்ல வேண்டும். பையன்களுக்கு அது கிடையாது. அவர்கள் வந்தாலே விரும்புவதாக அர்த்தம்.

மூன்று முறை நிராகரித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னுடையது இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

முதல் வருடம் முப்பத்தொரு பெண்கள் இருந்தோம். லேபுக்குப் போகும் வராந்தா ஒவ்வொரு செமஸ்டரும் பெண்களுக்கு மட்டும் நீளும். பாதி வழியில் அப்பாக்கள் ஸ்கூட்டரோடு நிற்பார்கள். கால் வலித்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வராந்தாவைத்தான் சொல்வேன்.

கடைசி வருடத்தில் நானும் நஸ்ரினும் மிஞ்சினோம். வகுப்பிலேயே நன்றாக புரோகிராம் எழுதுபவள் அவள்தான். புராஜெக்டில் அவளோடு மூன்று பையன்களைச் சேர்த்தார்கள்.

“நீ டாக்குமெண்டேஷன் பாத்துக்கோ. கோடிங் எங்க வேல” என்றான் சரண்ராஜ்.

எட்டு மாதம் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிரிண்டராக மாறிவிட்டாள்.

துறைத் தலைவர் குணசீலனிடம் ஓடினேன். அவர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சும்மா. லேப்ல பிரிண்டர் இல்லாமத்தான் கஷ்டப்பட்டோம்.”

மறுநாள் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘பழிவாங்க’ என்று எழுதினேன்.

குணசீலன் ஏற்றுக்கொள்ளும் காரணங்களின் பட்டியலில் தேடினார். நல்ல வரன், பொழுதுபோக்கு இரண்டும் இருந்தன. இது இல்லை. செய்முறைத் தேர்வு முடிந்ததும் நிராகரிப்பதாகச் சொன்னார். அதுவரை நான் வேண்டும். பையன்களின் ரெக்கார்டு நோட்டுகள் என்னிடம் இருந்தன.

இதுவும் எங்கள் வழக்கம். பெண்களுக்குக் கையெழுத்து அழகு என்று சொல்லி நோட்டை நீட்டிவிடுவார்கள். என்னிடம் பன்னிரண்டு நோட்டு. எல்லாவற்றையும் முடித்தேன். இவ்வளவு அக்கறையாக நான் எதையும் எழுதியதில்லை.

தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். வராந்தா அவருக்கும் நீண்டிருந்தது. காலையில் நுழைந்தவர் மதியம் லேபுக்கு வந்து சேர்ந்தார். செருப்பு தேய்ந்துபோயிருந்தது. நோட்டுகளை வரிசையாக விரித்துப் பார்த்தார்.

“எழுதுனது யாரு?”

அவங்கவங்கதான் மேடம் என்று சொல்வதுதான் மரபு. சரண்ராஜ் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

“நான்தான் மேடம். பன்னிரண்டும்.”

“அப்ப பன்னிரண்டு பேரும் நீதான்.”

பச்சை மையால் பெயர்களை அடித்தார். பையன்கள் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கினார்கள். என்ன செய்வது என்று கேட்டார்கள். விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். காரணத்தோடு.

அலமாரியில் குணசீலனின் முனைவர் பட்ட ஆய்வேடு இருந்தது. அந்த அம்மா அதையும் எடுத்துப் புரட்டினார். இதில் உள்ள புரோகிராம்களை எழுதியது யார் என்று கேட்டார். குணசீலன் ஆய்வேட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். அதற்குள் நஸ்ரின் அச்சடிக்க ஆரம்பித்தாள். நாற்பது பக்கம், அதே புரோகிராம்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவள் பெயர், தேதி.

அந்த அம்மா ஆய்வேட்டிலிருந்து குணசீலனின் பெயரையும் அடித்தார். விண்ணப்பக் கவுண்ட்டரின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் நடந்தார். இப்போது அது குட்டையாக இருந்தது.

பன்னிரண்டு இடமும் என் பெயருக்கு வந்துவிட்டன. ஸ்கூட்டர் ஏறிப் போன பெண்களுக்குப் போன் செய்தேன். பதினொரு பேர் அன்றே வந்தார்கள். ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது நாற்காலி நஸ்ரினுக்கு; அதில் யாரையும் உட்கார விடவில்லை.

மறுநாள் குணசீலனும் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார். வேறு வேலை தெரியாது என்று காரணம் எழுதியிருந்தார். பட்டியலில் இல்லை என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தபோது அவர் சதுரமாகிக்கொண்டிருந்தார்.

“நல்லதாப் போச்சு சார். நஸ்ரினுக்குப் பேப்பர் ட்ரே இல்லாமத்தான் கஷ்டப்பட்டோம்.”

அவரை நஸ்ரினின் அடியில் செருகினேன். சரியாகப் பொருந்தினார். ஐந்நூறு தாள் வைத்தேன். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை வாசித்தேன்.

ஒரு தாள் வெளியே வந்தது. ‘உள்ளேன்’ என்று இருந்தது. நீ எழுதிய மற்றதையெல்லாம் அச்சடி என்றேன்.