‘ங்க’ போட்டுப் பேசிய கொலைகார இயந்திரம்

அவிநாசி தியேட்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு வந்திருந்தவர்கள் இவர்கள்: பால்கனி முதல் வரிசையின் ஓரத்தில், படத்தைத் தமிழில் பேச வைத்த உக்கடம் உமர் பாரூக். அவருக்கு அடுத்து அவர் மனைவி ஜாஹிதா, மடியில் சமோசாப் பொட்டலத்தோடு. அடுத்த இருக்கையில் மயிலாத்தாள், காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு. அவளுக்கு அந்தப் பக்கம் மருமகள் கயல்விழி. கயல்விழிக்குப் பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு அவள் புருஷன் வேலுமணி முறுக்கு வாங்கப் போயிருந்தான். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்த பிறகு அவன் தட்டுத் தடுமாறி வந்து பார்த்தால், அதுவரை திரையில் ஒரு ஊரையே கொன்று தீர்த்திருந்த இயந்திர மனிதன் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது. துண்டை மடித்துத் தொடைமேல் வைத்திருந்தது. திரையில் அது இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்க, மிச்சப் படம் முழுக்க நடிகர்கள் வெறும் சுவரைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்கள். தியேட்டர் ஆள் வந்து டிக்கெட் இல்லாமல் ஒருத்தர் கூடுதலாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். உமர் பாரூக் அதற்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுத்தார். வேலுமணி மீதிப் படத்தை நின்றுகொண்டே பார்த்தான்.

அந்த இயந்திரத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவன் வேலுமணிதான். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்கு மேல்மாடியில் உமர் பாரூக்கின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. மனித வேஷம் போட்டு வந்து மனிதனைக் கொல்லும் இயந்திரங்களின் வெளிநாட்டுப் படங்களை மலிவாக வாங்கித் தமிழ் பேச வைப்பது அவர் தொழில். எல்லாப் படத்திலும் கதை ஒன்றுதான். இயந்திரம் ஒரு வீட்டுக்கு வரும். அந்த வீட்டு ஆம்பளையின் குரலைப் பழகிக்கொள்ளும். பிறகு அவனைக் கொன்றுவிட்டு அவன் நாற்காலியில் உட்காரும். வீட்டு நாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது. பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்த வேலுமணியை உமர் பாரூக் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அவன் குரல். “உன்ற கொரல்ல உப்புமில்ல ஒறப்புமில்ல வேலு. மிஷினுக்குன்னே படைச்ச கொரல்” என்றார். வேலுமணிக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் வசனம் முடிந்த பிறகும் அந்த வெள்ளைக்கார நடிகனின் உதடு இன்னும் கொஞ்சம் அசைந்துகொண்டே இருந்தது. அந்த மிச்ச அசைவை நிரப்ப வேலுமணி ஒரு ‘ங்க’ போட்டான். “உங்களைக் கொல்லறதுக்கு வந்திருக்கேனுங்க.” கச்சிதமாகப் பொருந்தியது. இன்னும் உதடு அசைந்த இடங்களில் ஒரு ‘அம்மணி’யையும் சேர்த்துப் போட்டான்.

அதனால்தான், படம் முடிந்து வாசலில் நிற்கும்போது, இயந்திரம் அவனிடம் துண்டை நீட்டி, “இது உங்களுதுங்களா?” என்று கேட்டது அவனுக்குத் தன்னைத் தானே கேட்பது போல இருந்தது. படத்தில் அது அதே வசனத்தை ஒரு துண்டித்த கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும். பதிவு செய்த வசனங்களைத் தவிர வேறு எதையும் அதற்குப் பேசத் தெரியாது. இதெல்லாம் மயிலாத்தாளுக்குத் தெரியாது. மருமகள் பக்கத்தில் இவ்வளவு நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்த ஆளிடம் வாய்வார்த்தைக்கு, “ஏனுங் தம்பி, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப்போட்டுப் போலாமுங்களே” என்றாள். அந்தப் பக்கத்தில் இதை எல்லாரும் எல்லாரிடமும் சொல்வார்கள், கேட்டவர்கள் “இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு” என்று நகர்ந்துவிடுவார்கள். இயந்திரம் நகரவில்லை. கோயமுத்தூர் பஸ்ஸில் அவர்களோடு ஏறி உக்கடத்தில் இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அது வேலுமணியின் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் அவன் கழுத்தளவுக்குத் தூக்கி, “உங்களைக் கொல்லறதுக்கு வந்திருக்கேனுங்க” என்றது. ‘ங்க’வுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துக் கையைக் கீழே போட்டது. அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு அதற்குமேல் எப்படிக் கொல்வது என்று அதற்கு விளங்கவில்லை. மயிலாத்தாள் அடுப்படியிலிருந்து, “கொல்லறது கெடக்குது, மொதல்ல டீத்தண்ணி குடிங்க தம்பி” என்றாள். அது டீ குடிக்கவில்லை, ஒரு டம்ளர் விளக்கெண்ணெய் குடித்தது. தெருவில் விசாரித்தவர்களிடம் ஒறம்பரை, தூரத்துச் சொந்தம், வந்திருப்பதாகச் சொன்னார்கள். நிறத்தைப் பார்த்து ஊட்டிப் பக்கத்து ஆள் என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். வாயும் பேச்சும் ஒட்டாமல் இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அரசியல் பேசுகிறவர்களிடம் பார்த்துப் பழகியதுதான்.

குரல்தான் பிரச்சினையாயிற்று. இருவருக்கும் சேர்த்து ஒரு குரல்தான் இருந்தது. இயந்திரம் பேசும்போது வேலுமணி வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அது தெருமுனை தாண்டினால் குரலும் கூடவே போய்விடும். அது வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அவனால் பேச முடிந்தது. பம்புசெட் கம்பெனி இரைச்சலில் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டிலும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. கயல்விழி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்து, சூப்பர்வைசர் செய்த அநியாயத்தை நின்ற நிலையில் சொல்லத் தொடங்குவாள். மனிதர்களைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்று படத்தில் அதற்குச் சொல்லியிருந்ததால், இயந்திரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்கும். முடித்ததும், “புரிஞ்சுதுங்க அம்மணி” என்று சொல்லும். அந்த வசனத்தை வேலுமணி ஒரே டேக்கில் பேசி முடித்திருந்தான். “பேச்சுக்கு நடுவுல கண்ணு கொட்டறதே இல்லீங் அத்தை, அவுரு” என்று கயல்விழி மாமியாரிடம் சொன்னாள். அதுக்கு இமையே கிடையாது என்று வேலுமணி சொல்ல வந்தான். அந்த நேரம் பார்த்து அது பேசிக்கொண்டிருந்தது. ‘அவுரு’ என்ற சொல் மட்டும் அன்று முழுக்க அவன் காதுக்குள் ஈ மாதிரி சுற்றியது.

அவளுடைய ஊக்கு கீழே விழுந்தால் அது எடுத்து நீட்டி “இது உங்களுதுங்களா?” என்று கேட்கும். அவள் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து வேலுமணி அவளைச் சிரிக்க வைத்ததாக அவனுக்கு நினைவில்லை. அவன் அதை அனுப்பிவிட முடிவுசெய்தான். சட்டையெல்லாம் மாட்டிவிட்டு வாசல்வரை கூட்டிப்போய், “சரிங்க, போயிட்டு வாங்க” என்று கும்பிட்டான். அது போனது, சாயங்காலம் வந்தது. அடுத்த முறை பல்லடம் வரைக்கும் போய் வந்தது. இன்னொரு முறை அவிநாசித் தேரோட்டத்துக்குப் போய் வடம் பிடித்துவிட்டு, பிரசாதத்தோடு வந்தது. ஒரு தடவை மாதக்கணக்கில் காணோம். வேலுமணி ஊமையாக இருந்தாலும் நிம்மதியாக இருந்தான். தீபாவளிக்கு முந்தின நாள் அது மயிலாத்தாளுக்கு ஒரு சேலையோடு வந்து நின்றது. இப்படியே இரண்டு தீபாவளி போயிற்று.

வேலுமணி உமர் பாரூக்கிடம் போய் அழாத குறையாகச் சொன்னான். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “போறப்ப நீ என்னன்னு சொல்லி அனுப்பறே?” என்றார்.

“போயிட்டு வாங்கன்னு சொல்றனுங் பாய்.”

“வாங்கன்னு சொன்னா வராம? மிஷினுப்பா அது. சொன்னதைச் செய்யும். போங்கன்னு சொல்லு.”

“அதெப்படிங் பாய், ஊட்டுக்கு வந்தவங்கள...”

“பொண்டாட்டியும் வேணும், மரியாதையும் வேணுமா?” என்றார் உமர் பாரூக்.

அன்று அவன் வாசலில் நின்று ‘போங்க’ என்று சொல்ல வாயைக் குவித்தான். திண்டாடி ‘போ’ வரைக்கும் வந்தான். உள்ளேயிருந்து மயிலாத்தாள் சாமான் உருள ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள். அந்த வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவர் வேலுமணியின் அப்பா. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. “அந்தப் பேச்சு இந்த வாசப்படியில வேண்டாஞ்சாமி” என்றாள். வேலுமணியின் வாய் தானாகவே மிச்சத்தைப் போட்டு முடித்தது: “...யிட்டு வாங்க.” அது சாயங்காலமே வந்துவிட்டது.

ஆடிக்காற்றோடு மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கரண்டு போய் வீடு இருட்டியது. வேலுமணி கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே தன் குரல் கேட்டது: “பயப்படாதீங்க அம்மணி, நான் இருக்கேனுங்க.” படத்தில் வரும் வசனம் அது. அந்தக் காட்சி முழுக்க அவனுக்கு மனப்பாடம். அடுத்த வசனம் “கண்ணை மூடிக்குங்க.” அதற்கடுத்து வசனம் இல்லை, எலும்பு முறியும் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்கு உமர் பாரூக் முருங்கைக்காயை ஒடித்தார். “கண்ணை மூடிக்குங்க” என்று குரல் கேட்டது. துணியைச் சேற்றில் போட்டுவிட்டு வேலுமணி ஓடினான். கயல்விழி கண்ணை மூடி நின்றிருந்தாள். இயந்திரத்தின் இரண்டு கையும் அவள் பின்கழுத்தில் இருந்தன. அவள் சங்கிலியின் கொக்கி கழன்று கழன்று விழுவதைச் சொல்லி, அதைச் சரிபண்ணித் தரும்படி அவள் வேலுமணியிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அது கொக்கியை விரலாலேயே நெரித்து இறுக்கி மாட்டிவிட்டுத் தள்ளி நின்றது. கொன்றிருந்தால்கூடத் தேவலாம் என்று ஒரு கணம் வேலுமணிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அன்று அவன் சோறு தின்னவில்லை.

மறுநாள் உடுமலைப்பேட்டையில் தேங்காய்க் களம் வைத்திருந்த மயிலாத்தாளின் பெரியப்பா மகன் திருமலைசாமி ஆள் பற்றாக்குறை என்று போன் செய்தார். வேலுமணி இந்த முறை வார்த்தையை அளந்து சொன்னான்: “போயிருந்துட்டு, சொல்லி அனுப்பறப்ப வாங்க.” அது போயிற்று. குரலும் அதோடு உடுமலைக்குப் போயிற்று. இந்த முறை வீட்டில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கயல்விழி சூப்பர்வைசர் கதையைச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். பேச முடியாததால் வேலுமணிக்கு வேறு வழியில்லை, கேட்டான். சூப்பர்வைசரின் பெயர் மாசாணம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திருமலைசாமியிடமிருந்து கயல்விழிக்கு மறுபடி போன் வந்தது. “களத்துல கெட்டிக்காரன்தான் அம்மணி. ஆனா வேலை முடிஞ்சா பையத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறான். சொல்லி அனுப்பினாங்களான்னு மொகத்தப் பாக்கறான். பாக்கறவன் என்னையல்லவா திட்டறான்! வரலாம், வேண்டாம், ரெண்டுல ஒண்ண எழுதிப் போடச் சொல்லு உன்ற ஊட்டுக்காரன.”

வேலுமணி நோட்டுக் காகிதத்தைக் கிழித்து உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த வரிசையில் எழுதினான். வலது மூலையில் ஊர், தேதி. அன்புள்ள தம்பிக்கு. நலம், நலமறிய ஆவல். அங்கே மழை உண்டா. பிறகு ஒரு வரி விட்டு, பேனாவை அழுத்தி, ‘இனி நீங்கள் வர வேண்டாம்’ என்று எழுதினான். எழுத்துக்குச் சத்தமில்லை, அம்மாவுக்குக் கேட்காது. கயல்விழி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“கொரலு திரும்ப வராதுங்க, தெரியுமல்ல?”

தெரியும் என்று தலையாட்டினான்.

“கொரலு போனாலும் சரி, அது வரக்கூடாது. அத்தன பொறாமையா?”

அதற்கும் தலையாட்டினான். அவள் விரலால் முதல் வரியைத் தொட்டாள். “அதுக்கு ‘அன்புள்ள’ன்னு போட்டிருக்கீங்க. சென்னைக்குப் போயி ஒரு மாசம் இருந்தீங்களே, எனக்கு என்ன எழுதுனீங்க? ‘சேந்துட்டேன்’னு ஒரே மெசேஜு. நலமான்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?” தன் எழுத்தைப் பார்த்து ஒருத்தி வயிறெரிவாள் என்று வேலுமணி நினைத்ததே இல்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான், அவள் பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கை தானாகக் கடிதத்தை முடித்தது. எந்தக் கடிதமும் எப்படி முடியவேண்டுமோ அப்படி, அதை விட்டால் மார்க் குறைத்துவிடுவார்களே, அப்படி: ‘மற்றவை நேரில். இப்படிக்கு, தங்கள் அன்பு வேலுமணி.’ எழுதி முடித்த பிறகுதான் இருவரும் அதைப் பார்த்தார்கள். நேரில் என்றால் நேரில்தான். வாய்வார்த்தைக்குச் சொன்னதையெல்லாம் அது எப்படி எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். அடிப்பதற்காக வேலுமணி பேனாவை அந்த வரிமேல் கொண்டுபோனான். அடித்தல் திருத்தலுக்கும் மார்க் குறையும். பேனாவை மூடினான். கயல்விழி அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பருக்கை நாலைந்தை விரலில் எடுத்து வந்து, உறையின் ஓரத்தில் தேய்த்து ஒட்டினாள். வேலுமணி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். உறைமேல் ‘தேங்காய்க் களம், வெளுத்த தம்பி அவர்கள்’ என்று விலாசம் எழுதினான்.

உக்கடம் தபால் பெட்டிக்கு அவனே நடந்து போனான். உறையைப் பாதிவரை நுழைத்துக் கொஞ்சம் நின்றான். அப்புறம் விட்டான். உள்ளே அது விழுந்த சத்தம் கேட்டதும், வழியனுப்புகிற பழக்கத்தில் அவன் வாய் “போயிட்டு வா” என்று அசைந்தது. சத்தம் ஏதும் வரவில்லை. சொல் முடிந்த பிறகும் அவன் உதடு இன்னும் கொஞ்சம், ஒரு ‘ங்க’ அளவுக்கு, அசைந்துகொண்டிருந்தது.